முதல்ல நின்னு ஆடுங்க, அப்புறம் தரைக்கு வாங்க

பிரேக்கிங், அதாவது பிரேக் டான்ஸ், கத்துக்க ஆரம்பிக்கிறவங்க கிட்டேருந்து கேள்விகள் நிறைய வந்திருக்கு. அதனால இந்தத் தடவை பகுதி முழுக்க அதுக்கே குடுத்துட்டேன். ஒரே மாதிரி வந்த கேள்விகள ஒண்ணா சேத்திருக்கேன், நீளமான கடிதங்கள சுருக்கியிருக்கேன்.

கேள்வி: தேசிய சேவை முடியப் போகுது. உடம்பு நல்ல ஃபிட்டா இருக்கு, புஷ்-அப் எல்லாம் பிரச்சினையே இல்ல. தரையில முதுகாலயும் தோளாலயும் உருண்டு, கால விரிச்சு சுத்துற வின்ட்மில் போடணும்னு ரொம்ப ஆசை. வீடியோ பாத்து ட்ரை பண்ணேன், தோள்பட்டை தேஞ்சு போச்சு, பாதி சுத்து கூட வரல. நான் எங்கேருந்து ஆரம்பிக்கணும்? (ஈசூன் வாசகர், வயசு 21)

தம்பி, வின்ட்மில் ஆசை எல்லாருக்கும் வர்றதுதான், அது பாத்துதான் பாதிப் பேரு இந்த டான்ஸுக்குள்ளயே வர்றாங்க. ஆனா பிரேக்கிங்ல நாலு பகுதி இருக்கு: நின்னுக்கிட்டு ஆடுற டாப்ராக், தரையில கை ஊனி ஆடுற ஃபுட்வொர்க், அப்படியே சிலை மாதிரி நிக்கிற ஃப்ரீஸ், அப்புறம் சுத்துற பவர் மூவ்ஸ். வின்ட்மில் நாலாவதுல வருது, நீங்க முதல் மூணையும் தாண்டிக் குதிச்சு அங்க போயிருக்கீங்க, அதான் தோள்பட்டை தேயுது. டாப்ராக் தெரியாம வெறும் வின்ட்மில் மட்டும் சுத்தினா அது ஜிம்னாஸ்டிக்ஸ், டான்ஸ் இல்ல. இத நான் ரொம்ப உறுதியாவே சொல்வேன்.

முதல் வாரம் தரையத் தொடவே வேணாம். ஒரு பாட்டப் போட்டுட்டு, ஒரு கால குறுக்க முன்னாடி வைங்க, வைக்கும்போதே ரெண்டு கையும் விரியணும், கால் பழைய இடத்துக்கு வரும்போது கையும் உள்ள வரணும், அப்புறம் அடுத்த கால். இவ்வளவுதான் முதல் ஸ்டெப். இத பாட்டு ஆரம்பிச்சதிலேருந்து முடியற வரைக்கும் நிறுத்தாம பண்ணுங்க. ரெண்டாவது நிமிஷத்துல போரடிக்கும், அப்பதான் உடம்பு தானா தோள ஆட்டும், ஒரு குதி கூடப் போடும், திரும்பிப் பாக்கும், அங்கதான் உங்க ஸ்டைல் ஆரம்பிக்குது. கால கீழ குனிஞ்சு பாக்காதீங்க. குதிகால் தரையில ஒட்டாம முன்பாதத்துல நில்லுங்க, முட்டி எப்பவும் கொஞ்சம் மடங்கியே இருக்கணும்.

அதுக்கப்புறம் சிக்ஸ்-ஸ்டெப். குந்தின நிலையில ஆரம்பிச்சு, கைய ஊனிக்கிட்டு கால் ரெண்டும் உடம்பச் சுத்தி ஒரு வட்டம் போகும், நடுவுல ஒரு இடத்துல புஷ்-அப் மாதிரி கால் ரெண்டும் பின்னாடி இருக்கும், எதிர்ப்பக்கம் வரும்போது வயிறு மேல பாக்குற மாதிரி நண்டு நிலை. எந்தக் காலுக்கு அப்புறம் எந்தக் கால்ங்கிறத வீடியோவுல பாத்துக்கலாம், அத எழுத்துல படிச்சா குழம்பித்தான் போவீங்க. பாதி வீடியோவுல சொல்லாம விட்டுட்டுப் போறத மட்டும் நான் சொல்றேன். கால் எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கத்துக் கை முன்னாடியே தரைய விட்டு எந்திரிச்சிருக்கணும், இல்லாட்டி காலுக்கு வழியே இருக்காது, இடிச்சுக்கிட்டு நிப்பீங்க. பின்பக்கம் தரையில உக்காரவே கூடாது. பாதம் முழுசா பதியாம விரல் பக்கத்துல நிக்கணும். பார்வை தரையில இல்லாம எதிர்ல இருக்கணும், ஏன்னா எதிர்ல நிக்கிறவனுக்காகத்தான் ஆடுறீங்க.

இன்னொரு விஷயம், இது பழகப் பழகத்தான் ருசிக்கும். சிக்ஸ்-ஸ்டெப் ஆறு எண்ணிக்கை, பாட்டு எட்டு எட்டா போகும். அதனால முதல் சுத்து முடியும்போது பாட்டுல ஆறுதான் ஆகியிருக்கும், ரெண்டாவது சுத்து ஏழுல ஆரம்பிக்கும், இப்படி நழுவி நழுவிப் போய் நாலு சுத்து முடிஞ்சா 24, அதாவது மூணு எட்டு, அப்ப காலும் பாட்டும் மறுபடி ஒண்ணு சேரும். அந்த எடத்துல சரியா ஒரு ஃப்ரீஸ் போட்டா பாக்குறவங்க கத்துவாங்க. வாயில எண்ணிக்கிட்டே மெதுவா போட்டுப் பாருங்க.

ஃப்ரீஸ்ல முதல்ல பேபி ஃப்ரீஸ். ஒரு முழங்கைய இடுப்புக்கு மேல விலாப் பக்கம் நல்லா குத்தி நிக்க வச்சு, இன்னொரு கைய ஊனி அந்த ரெண்டாவது கையோட முழங்கைக்கு மேல எதிர் முட்டியத் தாங்கிக்கணும், தலையோட பக்கவாட்டு லேசா தரையத் தொடும். எடை கையில, தலையில இல்ல. இந்த முழங்கைக் குத்துதான் பின்னாடி கை மேல உடம்பக் கிடையாத் தூக்கி நிக்கிற டர்டில்லுக்கும் வின்ட்மில்லுக்கும் அடிப்படை. அது உறுதியா வந்துட்டா வின்ட்மில் பாதி தூரம் வந்த மாதிரிதான், தோள்பட்டையும் தேயாது.

ஃபிட்னெஸ் பத்தி ஒரு வார்த்தை. ராணுவ உடற்தகுதிச் சோதனையான ஐபிபிடி-ல கோல்ட் வாங்குறவங்க கூட சிக்ஸ்-ஸ்டெப்ல ஒரு நிமிஷத்துல மூச்சு வாங்கிடுவாங்க. கை பலம் இருக்கும், இடுப்பு இறுகிப் போயிருக்கும். தினமும் குந்தி உக்காந்து பழகுங்க, டிவி பாக்கும்போது கூட உக்காரலாம்.

கேள்வி: சின்ன வயசுலேருந்து பரதநாட்டியம் கத்துக்கிட்டு அரங்கேற்றமும் பண்ணிட்டேன். இப்ப பிரேக்கிங் கத்துக்கணும்னு ஆசை. பரதம் இதுக்கு உதவுமா, இல்ல கெடுக்குமா? எங்க டீச்சர் கிட்ட சொல்லவே பயமா இருக்கு. (பீஷான் வாசகி, வயசு 24)

இந்தக் கடிதத்தப் படிச்சதும் அவ்வளவு சந்தோஷம் தங்கச்சி. உங்களுக்கு ஃபவுண்டேஷன்னா என்னன்னு நான் சொல்லித் தரவே வேணாம், தட்டடவ வருஷக்கணக்கா அடிச்சவங்க நீங்க. அடவு இல்லாம ஜதி இல்ல, ஜதி இல்லாம வர்ணம் இல்ல. இங்கயும் அதே கதைதான், சிக்ஸ்-ஸ்டெப், த்ரீ-ஸ்டெப், சிசி மாதிரி ஃபுட்வொர்க் ஸ்டெப் எல்லாம் அடவு, அத கோத்துதான் ஒரு ரவுண்டு. மூணு காலத்துல அடவு போட்டுப் பழகின உங்களுக்கு, சிக்ஸ்-ஸ்டெப்ப முதல்ல ரொம்ப மெதுவா, அப்புறம் ரெட்டிப்பு, அப்புறம் அதுக்கும் ரெட்டிப்புன்னு பழகச் சொன்னா உடனே புரியும். மத்தவங்களுக்கு இதப் புரிய வைக்கவே எனக்குத் தொண்டத் தண்ணி வத்திடும், ஏன்னா எல்லாரும் முதல் நாளே மூணாம் காலத்துல போகணும்னு நிப்பாங்க.

நேரடியா உதவப் போறது முழுமண்டி. குதிகால் தூக்கி, முட்டி வெளிய விரிஞ்சு, முழுசா குந்தி, அதுலயே கால மாத்துறது, மண்டி அடவுல நீங்க பண்ணதுதானே? ஃபுட்வொர்க்குல உடம்பு இருக்குற உயரமும் கிட்டத்தட்ட அதேதான். ஹிப் ஹாப் மட்டும் ஆடிட்டு வர்ற பசங்களுக்கு அந்தக் குந்துற நிலையே பெரிய கஷ்டம்.

கஷ்டப்படப் போறது ரெண்டு இடத்துல. ஒண்ணு முதுகு. அரைமண்டியில முதுகு நிமிந்து நிக்கணும்னு உங்க உடம்புல எழுதியே வச்சிருக்கு, இங்க டாப்ராக்ல முதுகு வளையணும், தோள் உருளணும், நெஞ்சு உள்ள போய் வெளிய வரணும். கண்ணாடி முன்னாடி நின்னு காலே ஆடாம தோளையும் நெஞ்சையும் மட்டும் பாட்டுக்கு விட்டுப் பழகுங்க. ரெண்டாவது, பாதம். நீங்க தரைய அறைஞ்சு சத்தம் எழுப்பிப் பழகினவங்க, சலங்கை பேசணும். ஃபுட்வொர்க்குல கால் சத்தமில்லாம வழுக்கிட்டுப் போகணும், அறைஞ்சா முட்டிதான் அடி வாங்கும்.

டீச்சர் விஷயம்... சொல்லிடுங்க. பரதத்த விட்டுட்டுப் போறேன்னு சொல்லலியே நீங்க. ஒரே நாள்ல ரெண்டு கிளாஸும் வேணாம், அது மட்டும் முட்டிக்காக.

கேள்வி: என் பையனுக்கு 11 வயசு. ப்ளாக்குக்குக் கீழ திறந்த எடமா இருக்குற வாய்ட் டெக்குல அண்ணன்கள் ஆடுறதப் பாத்துட்டு வீட்டு ஹால்ல தலையில நின்னு சுத்தப் பாக்குறான். கழுத்துக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு, தடுக்கவா வேணாமா? (செங்காங் தாய்)

அம்மா, டான்ஸத் தடுக்காதீங்க, தலையில சுத்துறத மட்டும் இப்போதைக்குத் தடுத்திடுங்க, அதுவும் கண்டிப்பா. ஹெட்ஸ்பின் கடைசியில வர்றது. அதுக்கு முன்னாடி அசையாம ஹெட்ஸ்டாண்ட் நிக்கத் தெரியணும், அந்த ஹெட்ஸ்டாண்ட்லயும் எடையில பெரும்பகுதிய கை தாங்கணும், விழும்போது எப்படி உருண்டு இறங்குறதுன்னு தெரியணும், இதெல்லாம் பக்கத்துல ஒரு டீச்சர் நிக்கும்போது கத்துக்க வேண்டியது. வீட்டு ஹால் டைல்ஸ்ல தனியா கத்துக்கிற விஷயமே இல்ல. வருஷக்கணக்கா ஹெட்ஸ்பின் பண்ண ஒருத்தருக்கு உச்சந்தலையில கட்டி மாதிரி தடிச்சு, ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்கன்னு 2024-ல ஒரு மருத்துவ இதழ்ல கட்டுரையே வந்துச்சு. அது பல வருஷப் பயிற்சியால வந்தது, பையனுக்கு நாளைக்கே வந்துடும்னு சொல்லல, ஆனா தலையும் கழுத்தும் விளையாட்டு இல்ல.

அவனுக்கு ஆசை காட்டுறதுக்கு வேற நிறைய இருக்கு. பேபி ஃப்ரீஸ், முதுகுல சுத்துற பேக்ஸ்பின், சிக்ஸ்-ஸ்டெப், இந்த வயசுப் பசங்க இதெல்லாம் பெரியவங்கள விட வேகமா புடிச்சுக்குவாங்க. "வேணாம்"னு மட்டும் சொன்னா நீங்க தெம்பனீஸ் மாலுக்குப் போயிருக்குற நேரம் பாத்து பண்ணுவான், "இத முதல்ல காட்டு"ன்னு சொன்னா உங்க முன்னாடியே பண்ணுவான். கிளாஸ் சேக்குறதுக்கு முன்னாடி ஒரு நாள் போய் உக்காந்து பாருங்க. வார்ம்-அப் எவ்வளவு நேரம் குடுக்குறாங்கன்னு கவனிங்க, நேரா பவர் மூவ்ஸுக்குப் போற கிளாஸா இருந்தா வேற எடம் தேடுங்க.

கேள்வி: மணிக்கட்டு வலி. ரெண்டு வாரமா ஃபுட்வொர்க் பழகுறேன், கைய ஊனினாலே வலிக்குது. கிளவுஸ் வாங்கவா? (தெம்பனீஸ், பாலிடெக்னிக் மாணவர்)

கிளவுஸ் தோலத்தான் காப்பாத்தும், மூட்டக் காப்பாத்தாது. முதல்ல கைய எப்படி வைக்கிறீங்கன்னு பாருங்க. பெரும்பாலும் என்ன நடக்குதுன்னா, உள்ளங்கையோட அடிப்பகுதியில முழு எடையும் போய் உக்காந்துடும், விரல் அஞ்சும் சும்மா படுத்திருக்கும். விரல நல்லா விரிச்சு, விரல் நுனியால தரையக் கவ்வுற மாதிரி அழுத்துங்க, எடை விரல் பக்கமும் பரவும், உடனே வித்தியாசம் தெரியும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி முட்டி போட்டு ரெண்டு கையையும் தரையில வச்சு, மெதுவா முன்னாடியும் பின்னாடியும் சாயுங்க, அப்புறம் விரல் முட்டியப் பாக்குற மாதிரி கையத் திருப்பி வச்சு பின்னாடி சாயுங்க, அப்புறம் புறங்கைய வச்சு ரொம்ப லேசா. இத அவசரப்படாம அஞ்சு நிமிஷம். ஃபோன்லயும் லேப்டாப்லயும் நாள் முழுக்க இருந்த கை இது, திடீர்னு உடம்பத் தூக்குன்னா தூக்காது.

இப்ப ஏற்கனவே வலி இருக்குறதால கை ஊனுறத கொஞ்ச நாள் நிறுத்துங்க, டாப்ராக் மட்டும் ஆடுங்க, நல்லதாப் போச்சு. குத்துற மாதிரி வலியோ வீக்கமோ இருந்தா பாலிகிளினிக் போய்க் காட்டிடுங்க, எண்ணெய் தேச்சுக்கிட்டு மேல ஆடாதீங்க.

கேள்வி: இந்தப் பாட்டுக்குத்தான் ஆடணும்னு ரூல் இருக்கா? நம்ம குத்துப் பாட்டுக்கு பிரேக்கிங் ஆடலாமா? (ஜூரோங் வெஸ்ட் நண்பர்கள் மூணு பேரு)

தம்பிங்களா, இதுக்குக் கொஞ்சம் கதை சொல்லணும். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்ல பிராங்க்ஸ் பகுதி, 1520 செட்ஜ்விக் அவென்யூங்கிற அடுக்குமாடிக் கட்டடம். சிண்டி கேம்பல்ங்கிற பொண்ணு, ஸ்கூல் திறக்கப் போகுது, புதுத் துணி வாங்கக் காசு வேணும்னு அந்தக் கட்டடத்துப் பொது அறையில ஒரு பார்ட்டி வைக்குது, பாட்டுப் போட்டது அதோட அண்ணன், டிஜே கூல் ஹெர்க். பாட்டு நடுவுல பாடுறதெல்லாம் நின்னு டிரம்ஸ் மட்டும் தனியா வர்ற எடம் இருக்கே, அதத்தான் பிரேக்னு சொல்வாங்க, அதுக்குக் கூட்டம் வெறி புடிச்ச மாதிரி ஆடுதுன்னு கவனிச்சு, ஒரே ரெக்கார்ட ரெண்டு வாங்கி மாத்தி மாத்திப் போட்டு அந்தச் சில செகண்ட நீளமா இழுத்தவர் அவருதான். அந்த பிரேக்குக்கு ஆடினவங்கதான் பி-பாய், பி-கேர்ள். ஆக, நம்ம டான்ஸே டிரம்ஸுக்காகப் பொறந்தது. நம்ம வாய்ட் டெக் மாதிரி ஒரு பொது எடத்துல, காசு அதிகம் இல்லாத கறுப்பின, லத்தீனோ பிள்ளைங்க வளத்த டான்ஸ் இது, ஆடும்போது அத மறக்காதீங்க.

ரூல்னு ஒண்ணும் இல்ல. ஆனா பழகும்போது பிரேக் இருக்குற ஃபங்க் பாட்டுல பழகுங்க. ஜேம்ஸ் பிரவுன் பாட்டுங்க, 1973-ல வந்த இன்கிரெடிபிள் பாங்கோ பேண்டோட 'அப்பாச்சி', இதெல்லாம் கேட்டாலே எங்க இறங்கணும், எங்க நிக்கணும்னு டிரம்ஸே சொல்லிக் குடுக்கும்.

குத்துக்கு வருவோம். நம்ம குத்துல நிறைய, ஆறு ஆறா எண்ணுற ஆறு எட்டு (6/8) தாளத்துல போறது, பிரேக் பீட் நாலு நாலா போறது. அதனால டாப்ராக் ஸ்டெப்ப அப்படியே குத்துல வச்சா கால் கொஞ்சம் தடுமாறும். ஆனா சிக்ஸ்-ஸ்டெப்ப வச்சுப் பாருங்க, முதல் பதில்ல சொன்னேனே பாட்ட விட்டு நழுவி நழுவிப் போகும்னு, அது இங்க நழுவாது, ஆறுக்கு ஆறு, சுத்துக்குச் சுத்து தாளத்தோடயே உக்காரும்! தப்பு மேளம் அடிக்கத் தெரிஞ்ச ஃபிரெண்டு யாராவது இருந்தா கூப்பிட்டு, மெதுவா வாசிக்கச் சொல்லி, அதுக்கு ஃபுட்வொர்க் போட்டுப் பாருங்க. எனக்குத் தெரிஞ்சு நம்ம பசங்க இதுல இன்னும் எவ்வளவோ பண்ணலாம். ஆனா முதல்ல நாலு நாலா வர்றதக் காதுல ஏத்திக்கிட்டு அப்புறம் வாங்க.

கேள்வி: வீட்டுல எடமே இல்ல. சிங்கப்பூர்ல எங்க பழகுறது? (உட்லண்ட்ஸ்)

எஸ்பிளனேட் எம்ஆர்டி-யிலேருந்து தியேட்டருக்குப் போற சுரங்கப் பாதைக்கு ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்க, கண்ணாடி முன்னாடி எத்தனை விதமான டான்ஸ் குரூப் பழகுதுன்னு. ஓரமா நின்னு பாத்தாலே நிறைய கத்துக்கலாம், பழகிட்டா கேட்டா சொல்லியும் குடுப்பாங்க. ஆர்ச்சர்ட் பக்கம் ஸ்கேப்பும் இளையர்களுக்கான எடம்தான். உங்க பேட்டையில சமூக மன்றத்துல டான்ஸ் ரூம் வாடகைக்குக் கிடைக்குதான்னு கேளுங்க, நாலு பேரு சேந்து எடுத்தா கை கடிக்காது.

வாய்ட் டெக்குல ஆடுறதா இருந்தா ஸ்பீக்கர் சத்தத்தக் கொறச்சு வைங்க, மேல குழந்த தூங்கும், வயசானவங்க இருப்பாங்க. மழை பெஞ்ச நாள் தரை வழுக்கும், துடைச்சுட்டு ஆடுங்க. மலாய்க் கல்யாணம் நடக்குற நாள்னா எடத்த விட்டுடுங்க. சிமெண்ட் தரையில நேரா ஃப்ரீஸ் பழக வேணாம், மெல்லிசா ஒரு மேட் போதும், ரொம்ப மெத்துனு இருந்தா கை புதைஞ்சு மணிக்கட்டு மடங்கும்.

கேள்வி: எனக்கு 38 வயசு, ஐடி வேலை, கொஞ்சம் வெயிட் போட்டிருக்கேன். இப்ப ஆரம்பிச்சா பசங்க சிரிக்க மாட்டாங்களா? (பொங்கோல்)

சிரிக்க மாட்டாங்க அண்ணே. இந்த உலகத்துல வயசுக்கு மரியாத இருக்கு, மெதுவா ஒரு நல்ல டாப்ராக் ஆடினா பசங்க முதல் ஆளா கத்தி உற்சாகப்படுத்துவாங்க.

டாப்ராக் மட்டுமே ஒரு ஆறு மாசம் ஆடுங்க, அதுலயே வியர்த்துக் கொட்டும். முட்டியில ஏற்கனவே பிரச்சினை இருந்தா முட்டிய மடக்கி டக்குனு தரையில இறங்குற நீ-டிராப் பக்கமே போகாதீங்க, தரைக்கு இறங்குறதுக்கு கை வச்சு குந்தி இறங்குறதே போதும். நீ-பேட் போடுங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. வாரத்துல ரெண்டு மூணு நாள், நடுவுல ஒரு நாளாவது ஓய்வு. டாக்டர் பிரஷர், சுகர்னு ஏதாவது சொல்லியிருந்தா அவர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க.

கேள்வி: 2028 ஒலிம்பிக்ல பிரேக்கிங் இல்லன்னு சொல்றாங்களே, இப்ப கத்துக்கிட்டு என்ன பிரயோசனம்? (சுவா சூ காங்)

லாஸ் ஏஞ்சலிஸ் 2028-ல இல்ல, அது உண்மை. பாரிஸ் 2024-லதான் முதல் தடவையா வந்துச்சு, ஜப்பானோட அமி, கனடாவோட ஃபில் விசார்ட் தங்கம் வாங்கினாங்க. ஆனா ஒலிம்பிக்குக்கு முன்னாடியே அம்பது வருஷமா இந்த டான்ஸ் இருக்கு. மெடலுக்காக ஆரம்பிக்கிறவங்க கொறச்சல், நீங்களும் அதுக்காக ஆரம்பிக்க வேணாம்.

கேள்வி: நான் பி-கேர்ள், வயசு 17. தனியா நல்லா ஆடுறேன், ஆனா சைஃபர்ல (வட்டமா நின்னு ஒவ்வொருத்தரா நடுவுல போய் ஆடுறது) எல்லாம் பசங்களா நிக்கிறாங்க, உள்ள போகவே கால் வரல. (அங் மோ கியோ)

பாரிஸ்ல அமி தங்கம் வாங்கின ரவுண்டு எல்லாம் பாருங்க தங்கச்சி, அவங்க பவர் மூவ்ஸ நம்பி ஜெயிக்கல, ஃபுட்வொர்க் ஒவ்வொண்ணும் பாட்டோட அப்படி ஒட்டியிருக்கும். அங்க நடுவர்கள் பாத்தது டெக்னிக், எத்தனை விதமான மூவ் தெரியும், தப்பில்லாம பண்றது, பாட்டோட ஒத்துப்போறது, சொந்தக் கற்பனை, இந்த அஞ்சுதான். பலம்னு தனியா ஒரு மார்க் கிடையாது.

சைஃபருக்கு முதல் தடவை போறப்ப வட்டத்துல சும்மா நின்னு தலைய ஆட்டி, கை தட்டி, ஆடுறவங்கள உற்சாகப்படுத்துங்க, அதுவும் ஆட்டத்துல பங்குதான். உள்ள போறதா முடிவு பண்ணிட்டா, ஆடிக்கிட்டு இருக்குறவர் முடிச்சு வெளிய வர்ற வரைக்கும் இருங்க, குறுக்க போகாதீங்க. பெருசா எதுவும் யோசிக்க வேணாம். எட்டு எண்ணிக்கை டாப்ராக், தரைக்கு இறங்குற ஒரு கோ-டவுன், நாலு சுத்து சிக்ஸ்-ஸ்டெப், ஒரு பேபி ஃப்ரீஸ், எந்திரிச்சு வெளிய வந்துடுங்க. இத வீட்டுலயே கோர்வையா பழகி வச்சுக்கிட்டா, அங்க கூட்டத்தப் பாத்து மூளை நின்னு போனாலும் கால் ஆடிடும். தடுமாறினா நிறுத்தாம அடுத்த ஸ்டெப்புக்குப் போங்க. பயமா இருந்தா ஒரு ஃபிரெண்டக் கூட்டிட்டுப் போங்க, அவங்க ஆடத் தெரியாதவங்களா இருந்தாலும் பரவாயில்ல, வட்டத்துல உங்களுக்கு எதிர்ல நிக்கச் சொல்லுங்க, அவங்களப் பாத்து ஆடுங்க.